எட்டு டிஸ்க்கை எப்படி அடுக்குவது?

வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் இசட்எஃப்எஸ் பற்றி எழுதியிருந்தேன். பல ஹார்ட் டிஸ்க்குகளை ஒரே பூலாகச் சேர்த்து, ஒன்றிரண்டு செத்தாலும் தரவு பிழைத்திருக்கும்படி பார்த்துக்கொள்ளும் கோப்பு முறைமை அது. அதற்கு வந்த கடிதங்களில் முக்கால்வாசி ஒரே இடத்தில் முட்டி நிற்கின்றன: கையில் இத்தனை டிஸ்க் இருக்கிறது, இதை எப்படிப் பிரித்து அடுக்குவது? ஒரே மாதிரிக் கடிதங்களைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறேன். பெயர்களை விட்டுவிட்டேன், யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். புதிதாக வருபவர்களுக்கு ஒரு வார்த்தை: மிரர் என்றால் ஒரே தரவை ஒவ்வொரு டிஸ்க்கிலும் நகலாக வைப்பது. ரெய்டு-இசட் என்றால் தரவோடு பேரிட்டியையும், அதாவது செத்த டிஸ்க்கில் இருந்ததைக் கணக்குப் போட்டு மீட்க உதவும் கூடுதல் தகவலையும், எழுதி வைப்பது. பின்னால் வரும் 1, 2 என்ற எண் ஒரு குழு எத்தனை டிஸ்க் சாவைத் தாங்கும் என்று சொல்கிறது.

கேள்வி: அம்மா, நான் திருமணப் படங்களும் வீடியோக்களும் எடுப்பவன். 12 டெராபைட் டிஸ்க் எட்டு வாங்கிவிட்டேன். ஒரு நண்பர் இரண்டிரண்டாக மிரர் போடு என்கிறார். இன்னொருவர் நான்கு நான்காக இரண்டு ரெய்டு-இசட்1 போடு என்கிறார். என் உதவியாளர் எட்டையும் ஒரே ரெய்டு-இசட்2 ஆக்கச் சொல்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

பதில்: உதவியாளர் பேச்சை. ஏன் என்று சொல்லிவிடுகிறேன். நாளைக்கே நான்காவதாக ஒருவர் வந்து வேறொன்று சொல்வார், அப்போது நீங்களே பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

எல்லோரும் 'எவ்வளவு இடம் மிஞ்சும்' என்ற கணக்கிலிருந்து தொடங்குகிறார்கள். நான் டிஸ்க் சாகும் நாளிலிருந்து தொடங்குவேன். ஒன்று செத்துவிட்டது, புதியதைச் செருகிவிட்டீர்கள், பழைய தரவு அதில் மறுபடி எழுதப்படுகிறது. இதற்கு ரீசில்வர் என்று பெயர். எவ்வளவு நேரம் பிடிக்கும்? டிஸ்க் நிறைந்திருக்கிறது என்றும், வினாடிக்கு 200 மெகாபைட் வேகத்தில் நிற்காமல் எழுதுகிறது என்றும் வைத்துக்கொள்வோம். 12 டெராபைட்டுக்கு 60,000 வினாடி, அதாவது ஏறக்குறைய 17 மணி நேரம். இது நடக்கக்கூடியதிலேயே குறைந்த நேரம். நடுவில் நீங்கள் படம் திருத்திக்கொண்டிருந்தால் நாள்கணக்கில் இழுக்கும். இசட்எஃப்எஸ் உயிருள்ள தரவை மட்டும் எழுதும் என்பதால், பாதி நிறைந்த பூலுக்குப் பாதி வேலைதான். ஆனால் படம் எடுப்பவர்களின் பூல் பாதியோடு நின்று நான் பார்த்ததில்லை.

அந்த 17 மணி நேரத்துக்குள் இரண்டாவது டிஸ்க்கும் செத்தால் என்ன ஆகும்? இங்கே ஒரு விதியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பூல் என்பது குழுக்களால் ஆனது. ஒவ்வொரு குழுவுக்கும் வீடெவ் என்று பெயர். தரவு எல்லாக் குழுக்களிலும் பரப்பி எழுதப்படுகிறது. ஒரு குழு முழுமையாகப் போனால், மற்றவை நன்றாக இருந்தாலும் பூலே போய்விட்டது.

இனி மூன்று பேருடைய யோசனைகளையும் பாருங்கள். நான்கு மிரர் ஜோடிகள் போட்டால் 48 டெராபைட் கிடைக்கும். ஒன்று செத்தபின் மீதி ஏழில் அதன் ஜோடி மட்டுமே ஆபத்தானது, 7-இல் 1. ஆனால் அந்த ஜோடிதான் அப்போது ஓய்வில்லாமல் படிக்கப்பட்டுக்கொண்டிருக்கும். இரண்டு ரெய்டு-இசட்1 போட்டால் 72 டெராபைட். செத்ததன் குழுவில் மீதி மூன்று இருக்கின்றன, எது போனாலும் குடி முழுகிவிடும், 7-இல் 3. எட்டும் ஒரே ரெய்டு-இசட்2 என்றால் அதற்கும் 72 டெராபைட்தான், ஆனால் எந்த இரண்டு செத்தாலும் தரவு பிழைக்கும். அதே இடத்தைக் கொடுக்கும் இரண்டு அமைப்புகளில் ஒன்று 7-இல் 3 என்ற சூதாட்டம், மற்றது அந்தச் சூதாட்டமே இல்லாதது. இரண்டு ரெய்டு-இசட்1 போடுவதில் ஒரே லாபம், சிதறிக் கிடக்கும் சிறுசிறு தரவைப் படிப்பதில் வேகம் இரட்டிப்பாகும் என்பதுதான். பெரிய பெரிய படக் கோப்புகளை வரிசையாகப் படிக்கும் உங்களுக்கு அது எதற்கு?

எனக்கு இதில் சொந்த வடு ஒன்று உண்டு. நான் வேலை பார்த்த ஓரிடத்தில் ஆறு டிஸ்க் கொண்ட ரெய்டு 5 பெட்டி இருந்தது. ஒற்றைப் பேரிட்டி, அதாவது ஒரு டிஸ்க் சாவை மட்டுமே தாங்கும். ஆறும் ஒரே நாளில் ஒரே பெட்டியில் வந்தவை, வரிசை எண்கள்கூட அடுத்தடுத்து இருக்கும். வெள்ளிக்கிழமை மாலை மூன்றாவது டிஸ்க்கின் விளக்கு செம்மஞ்சளாக மாறியது. புதியதைச் செருகிவிட்டு, பெட்டியின் முகப்பில் சதவீதம் ஏறுவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். விடியற்காலையில் 72 என்று காட்டியது. அதன்பின் ஏறவில்லை. ஐந்தாவது டிஸ்க்கில் ஏதோ ஒரு இடத்தைப் படிக்க முடியவில்லை. கட்டுப்படுத்தும் அட்டை அதையும் செத்ததாக முடிவுகட்டி வெளியே தள்ளியது. ஆறு டிஸ்க்கும் அந்தக் கணமே வெறும் இரும்பாகிவிட்டன. டேப்பிலிருந்து எல்லாவற்றையும் மீட்டு முடிக்க நான்கு நாள் ஆயிற்று. வேறு வேறு தேதிகளில் தயாரான டிஸ்க்குகளைக் கலந்து வாங்கும் பழக்கம் எனக்கு அன்றிலிருந்துதான் வந்தது. உங்கள் எட்டும் ஒரே தொகுப்பு என்று கடிதத்திலிருந்து ஊகிக்கிறேன். அப்படியானால் இரட்டைப் பேரிட்டி உங்களுக்கு இன்னும் அவசியம்.

கேள்வி: டிஸ்க்கின் விவரத்தாளில் '10-இன் 14-ஆம் அடுக்கு பிட்டுக்கு ஒரு படிப்புப் பிழை' என்று போட்டிருக்கிறது. கணக்குப் போட்டால் 12.5 டெராபைட்டுக்கு ஒன்று. அப்படியானால் பெரிய டிஸ்க்கில் ரீசில்வர் கண்டிப்பாகத் தோற்றுத்தானே ஆக வேண்டும்?

பதில்: இந்தக் கணக்கைக் காட்டிப் பல ஆண்டுகளாகப் பலரும் பயமுறுத்துகிறார்கள். அது உண்மையானால், 60 டெராபைட் உள்ள பூலை மாதம் ஒருமுறை முழுதும் படித்துச் சரிபார்க்கும்போது, அதாவது ஸ்க்ரப் செய்யும்போது, ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய ஐந்து பிழை வர வேண்டும். நல்ல டிஸ்க்குகளில் மாதக்கணக்காகப் பூஜ்யம்தான் வருகிறது. அந்த எண் தயாரிப்பாளர் போட்டுக்கொள்ளும் எல்லை. 'இதைவிட மோசமாக இருக்காது' என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை.

இன்னொன்று, நான் மேலே சொன்ன பழைய பெட்டியைப் போல இசட்எஃப்எஸ் ஓர் இடம் படிக்கவில்லை என்பதற்காக மொத்தத்தையும் தூக்கி எறியாது. மீட்க வழி இல்லாத இடத்தில் எந்தக் கோப்பு கெட்டது என்று பெயரோடு பட்டியல் கொடுத்துவிட்டு மேலே போகும். ஒற்றைப் பேரிட்டியை நான் வேண்டாம் என்பது இந்தக் கணக்கினால் அல்ல. முழு டிஸ்க்கே சாகும் அபாயம் 17 மணி நேரம் தலைக்குமேல் தொங்குகிறதே, அதனால்.

கேள்வி: ஆறு டிஸ்க்கில் ரெய்டு-இசட்2 போட்டு, அதன்மேல் விர்ச்சுவல் மெஷின்கள் (ஒரு கணினிக்குள் மென்பொருளாக ஓடும் கணினிகள்) ஓட்டுகிறேன். 1 டெராபைட் விர்ச்சுவல் டிஸ்க் நிரம்பினால் பூலில் 2 டெராபைட் காணாமல் போகிறது. ஆமை வேகம் வேறு. டிஸ்க்குகள் பழுதா?

பதில்: டிஸ்க்குகள் மேல் பழியில்லை, அடுக்கிய விதம்தான் தவறு. இந்தக் கேள்வி எனக்கு மிகவும் பிடித்தது, ஏனென்றால் விடை எந்தப் பெட்டியின் அட்டையிலும் எழுதியிருக்காது.

உங்கள் விர்ச்சுவல் டிஸ்க் 8 கிலோபைட் துண்டுகளாக எழுதுகிறது என்று நினைக்கிறேன். ஓபன் இசட்எஃப்எஸ் 2.2-க்கு முன்பு அதுவே இயல்பான அளவு. டிஸ்க்கின் செக்டர், அதாவது அது எழுதும் மிகச் சிறிய அளவு, 4 கிலோபைட். ஆக, ஒரு துண்டுக்குத் தரவு 2 செக்டர். ரெய்டு-இசட்2 என்பதால் பேரிட்டி 2 செக்டர். மொத்தம் 4. இதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. ரெய்டு-இசட் இடம் ஒதுக்கும்போது பேரிட்டி எண்ணிக்கையோடு ஒன்றைக் கூட்டி, அதன் மடங்காகவே ஒதுக்கும். யாருக்கும் பயன்படாத சிறு துண்டு நடுவில் மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காக. இங்கே 3-இன் மடங்கு. 4 போய் 6 ஆகிறது. 8 கிலோபைட் எழுத 24 கிலோபைட் செலவு.

இப்போது அதே துண்டை 16 கிலோபைட் ஆக்குங்கள். தரவு 4, பேரிட்டி 2, மொத்தம் 6. ஏற்கெனவே 3-இன் மடங்குதான். அதற்கும் 24 கிலோபைட்! பாதி எழுதினாலும் முழுதும் எழுதினாலும் ஒரே செலவு. நீங்கள் இழந்த 1 டெராபைட் எங்கே போயிற்று என்று இப்போது தெரிகிறதா? புதிய பதிப்புகளில் இயல்பான அளவே 16 கிலோபைட் ஆகிவிட்டது. ஆனால் ஏற்கெனவே உருவாக்கிய விர்ச்சுவல் டிஸ்க்கில் இதை மாற்ற முடியாது. புதிதாக ஒன்றை உருவாக்கித் தரவை அதற்கு மாற்ற வேண்டும்.

வேகத்துக்கு வருகிறேன். ரெய்டு-இசட் குழுவில் எத்தனை டிஸ்க் இருந்தாலும், சிதறலான சிறு வேலைகளில் அது ஏறக்குறைய ஒரே டிஸ்க்கின் வேகத்தைத்தான் தரும். ஒவ்வொரு துண்டும் பல டிஸ்க்குகளில் சிதறிக் கிடப்பதால், ஒரு துண்டுக்காகப் பலவும் கையைத் தூக்க வேண்டியிருக்கிறது. நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் டிஸ்க்கில் அரைச் சுற்றுக்கே 4 மில்லிவினாடிக்கு மேல் ஆகும். ஊசி நகரும் நேரத்தையும் சேர்த்தால் வினாடிக்கு நூறு வேலை முடிவதே அரிது. அதை உங்கள் விர்ச்சுவல் மெஷின்கள் எல்லாம் பங்குபோட்டுக்கொள்கின்றன.

ஆறையும் மூன்று மிரர் ஜோடிகளாகப் போடுங்கள். எழுதுவது மூன்று மடங்கு, படிப்பது ஆறு மடங்கு வரை போகும். இடம் பாதிதான் மிஞ்சும். உங்களுக்கு இப்போதும் கிட்டத்தட்ட அவ்வளவுகூட மிஞ்சவில்லையே. ஜோடி சாகும் பயம் இருந்தால் மும்மூன்றாக இரண்டு மிரர் போடலாம். சிக்கனக்காரர்களுக்கு நெஞ்சு வலிக்கும்.

கேள்வி: ஏழு டிஸ்க்கில் ரெய்டு-இசட்1, எட்டாவது சும்மா காத்திருக்கும் ஸ்பேர். இது நல்லதா, எட்டிலும் ரெய்டு-இசட்2 நல்லதா?

பதில்: ரெய்டு-இசட்2. இடம் இரண்டுக்கும் ஒன்றுதான். ஸ்பேர் என்பது ஒன்று செத்தபிறகு 17 மணி நேரம் உழைத்துத் தயாராகும். பேரிட்டி இப்போதே தயாராக இருக்கிறது. அந்த டிஸ்க் எப்படியும் சுழன்று மின்சாரத்தைத் தின்றுகொண்டுதானே இருக்கும், வேலை கொடுங்கள். குழுக்கள் பல இருந்து எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒன்று வைப்பதானால் ஸ்பேருக்கு அர்த்தம் உண்டு.

கேள்வி: டிரெய்டு என்று ஒன்று வந்திருக்கிறதாமே?

பதில்: 2021-இல் ஓபன் இசட்எஃப்எஸ் 2.1-உடன் வந்தது. ஸ்பேரின் இடத்தையே எல்லா டிஸ்க்கிலும் பரப்பி வைப்பதால் மீட்பு மிக விரைவு. டஜன் கணக்கில் டிஸ்க் வைத்திருப்பவர்களுக்கானது. எட்டு வைத்திருப்பவர் மறந்துவிடலாம்.

கேள்வி: நான்கு டிஸ்க் ரெய்டு-இசட்1 இருக்கிறது. ஐந்தாவதைச் சேர்த்து ரெய்டு-இசட்2 ஆக மாற்றிக்கொள்ள நினைக்கிறேன். என் மகன் 'ஆட்' கட்டளை கொடுத்தால் போதும் என்கிறான். சரியா?

பதில்: மகன் கையிலிருந்து கீபோர்டை உடனே வாங்கி வையுங்கள்.

'ஆட்' என்பது பூலில் புதிய குழுவைச் சேர்க்கும் கட்டளை. உங்கள் ஐந்தாவது டிஸ்க் பாதுகாப்பு எதுவும் இல்லாத தனி ஒற்றைக் குழுவாக உள்ளே போகும். அது செத்தால் பழைய நான்கும் சேர்ந்து போகும். இசட்எஃப்எஸ் சும்மா விடாது, பூலில் இருப்பது ரெய்டு-இசட், நீங்கள் கொடுப்பது வெறும் டிஸ்க், பொருந்தவில்லை என்று மறுக்கும். அந்த மறுப்பை மீற ஒரு 'வலுக்கட்டாய' சொடுக்கு இருக்கிறது. நானும் ஒருநாள் இரவு பதினொன்றரை மணிக்கு அதைக் கொடுத்திருக்கிறேன், 'இந்த மென்பொருளுக்கு என்ன தெரியும்' என்ற திமிரில். என்டர் தட்டிய மறுகணமே புரிந்துவிட்டது. ரெய்டு-இசட் குழு இருக்கும் பூலிலிருந்து அப்படிச் சேர்த்த டிஸ்க்கை வெளியே எடுக்க முடியாது. அந்த நேரத்தில் செய்ய முடிந்தது ஒன்றுதான்: இன்னொரு டிஸ்க்கை அந்த ஒற்றைக்கு ஜோடியாக 'அட்டாச்' செய்து மிரராக்கினேன். பிறகு தரவை வேறிடத்துக்கு நகர்த்தி, பூலையே அழித்து மறுபடி கட்டினேன். மிரரும் ரெய்டு-இசட்டும் ஒட்டிக்கிடந்த அந்த விநோதப் பிராணியோடு மூன்று வாரம் குடும்பம் நடத்தினேன். இப்போது 'ஆட்' கொடுக்கும் ஒவ்வொரு முறையும் முதலில் 'மைனஸ் என்' சேர்த்துக் கொடுக்கிறேன். அது எதையும் செய்யாமல், செய்தால் பூல் எப்படி இருக்கும் என்று மட்டும் காட்டும்.

உங்களுக்கு வேண்டியது ரெய்டு-இசட் விரிவாக்கம். 2025 ஜனவரியில் ஓபன் இசட்எஃப்எஸ் 2.3-இல் வந்தது. 'அட்டாச்' மூலம் ஒரு சமயத்தில் ஒரு டிஸ்க் என்று இருக்கும் குழுவையே அகலமாக்கலாம். ஆனால் ஐந்து டிஸ்க் ரெய்டு-இசட்1தான் கிடைக்கும். 1-ஐ 2 ஆக்க வழியில்லை. இன்னொன்றையும் கவனியுங்கள்: பழைய தரவு பழைய விகிதத்திலேயே, அதாவது மூன்றுக்கு ஒன்று பேரிட்டியோடு கிடக்கும். புதிதாக எழுதுவதற்கு மட்டுமே நான்குக்கு ஒன்று. கூடுதல் இடம் எதிர்பார்த்ததைவிடக் குறைவாகத் தெரிந்தால் பதற வேண்டாம். இரட்டைப் பேரிட்டிதான் வேண்டுமென்றால் தரவை வெளியே எடுத்து வைத்துவிட்டுப் புதிதாகக் கட்டுவது ஒன்றே வழி.

கேள்வி: வேகத்துக்காக ஒரு எஸ்எஸ்டியை 'ஸ்பெஷல்' வீடெவ் ஆகச் சேர்க்கலாமா? ஒன்றுதான் இருக்கிறது.

பதில்: கூடாது. எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்ற விவரமே அதில்தான் போய் உட்காரும். அது செத்தால் பூல் செத்தது. குறைந்தது இரண்டு, மிரராக. ரெய்டு-இசட்2 பூலுக்கு மூன்று என்றால் எனக்கு நிம்மதி.

கேள்வி: 12 டெராபைட் டிஸ்க் கணினியில் 10.9 என்று காட்டுகிறது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா?

பதில்: இல்லை. தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாகப் பெருக்குகிறார், கணினி 1,024 ஆகப் பெருக்குகிறது. முதல் கடிதக்காரரின் 72-உம் இப்படித்தான் 65 சொச்சமாகத் தெரியும். ஒதுக்கீட்டில் போவது போக இன்னும் கொஞ்சம் குறையும்.

கேள்வி: செத்த டிஸ்க்குக்குப் பதிலாக மலிவாக ஒன்று கிடைத்தது. ரீசில்வர் நான்கு நாளாக ஓடுகிறது. முதலில் நன்றாக ஓடிப் பிறகு படுத்துவிட்டது.

பதில்: எஸ்எம்ஆர் வகை டிஸ்க்காக இருக்கும். கூரையில் ஓடு வேய்வதுபோல் தடங்களை ஒன்றின்மேல் ஒன்று சாய்த்து எழுதுகிற நுட்பம் அது. நடுவில் ஒரே ஓர் ஓடு மாற்ற அதை அணைத்துக் கிடக்கும் ஓடுகளையும் எடுத்து மறுபடி அடுக்க வேண்டும். சாதாரண நாளில் இது தெரியாது, ஏனென்றால் டிஸ்க்கின் ஓரத்தில் வழக்கமான முறையில் எழுதும் ஒரு சிறு பகுதி இருக்கும். வந்ததை அங்கே வாங்கி வைத்துக்கொண்டு, ஓய்வு கிடைக்கும்போது உள்ளே அடுக்கும். ரீசில்வர் ஓய்வே கொடுக்காது. அந்தப் பகுதி நிறைந்ததும் நீங்கள் பார்த்ததுபோல் படுத்துவிடும். முடியும்வரை பொறுத்திருங்கள், நடுவில் பிடுங்காதீர்கள். பிறகு சிஎம்ஆர் (தடங்களைச் சாய்க்காமல் வழக்கமான முறையில் எழுதும் வகை) என்று விவரத்தாளில் தெளிவாகப் போட்ட ஒன்றை வாங்கி மாற்றிக்கொள்ளுங்கள். போடவில்லை என்றால் வாங்க வேண்டாம்.

கேள்வி: எட்டில் ஒன்று செத்துவிட்டது என்கிறது திரை. பெட்டியில் எட்டும் ஒரே மாதிரி இருக்கின்றன. எதைப் பிடுங்குவது?

பதில்: தெரியும்வரை எதையும் பிடுங்காதீர்கள். எஸ்டிஏ, எஸ்டிபி என்று லினக்ஸ் வைக்கும் பெயர்களை நம்பவே கூடாது. மறுபடி இயக்கும்போது அவை இடம் மாறலாம். பூலைக் கட்டும்போதே வரிசை எண்ணோடு கூடிய பெயரைப் பயன்படுத்தியிருந்தால், செத்ததன் எண் திரையிலேயே தெரியும். டிஸ்க்கின் மேல் ஒட்டியிருக்கும் தாளில் அதே எண் இருக்கும், ஆனால் பெட்டிக்குள் இருக்கும்போது அந்தத் தாள் கண்ணுக்குப் படாது. அதனால் கட்டும் அன்றைக்கே வெள்ளைத் துணுக்குத் தாளில் கடைசி நான்கு எழுத்துகளை எழுதி, டிஸ்க் செருகும் ஒவ்வொரு தட்டின் முகத்திலும் ஒட்டிவிடுவேன்.

உங்கள் பெட்டியில் அது இல்லை. ஆகவே மற்ற ஏழு டிஸ்க்கையும் ஒவ்வொன்றாகத் தொடர்ந்து படிக்கச் செய்யுங்கள். எந்தத் தட்டின் விளக்கு துடிக்கிறது என்று பார்த்து, அதன் எண்ணைக் குறித்துக்கொண்டே வாருங்கள். ஏழும் குறித்து முடித்தபின் எண்ணில்லாமல் மிஞ்சுவதுதான் நீங்கள் தேடும் டிஸ்க். விளக்கே இல்லாத பெட்டி என்றால் கணினியை அணைத்துவிட்டு ஒவ்வொன்றாக வெளியே இழுத்து எண்ணைப் படியுங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது ஊகித்து இழுக்க வேண்டாம். ரெய்டு-இசட்2-இல் ஒரு தவறான இழுப்பைத் தாங்கிவிடலாம். ஒற்றைப் பேரிட்டியில் அதற்கும் இடமில்லை.